ஆத்தா காட்டிய சிலீவு

சின்னானை அடித்துக் கொன்றது அவனுடைய அண்ணன் காளியப்பனின் பட்டறைக்குள்ளேயேதான். அந்தப் படுபாவி அப்புசாமிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? ஆட்டையாம்பட்டியில் சேலம் ரோட்டோரம் ஓலை வேய்ந்த பட்டறை, நல்ல பட்டப்பகல். இரண்டு தடியன்கள் காளியப்பனைச் சுவரோடு சேர்த்து அமுக்கிக்கொள்ள, அப்புசாமி டயர் லீவரை எடுத்தான். டயரை நெம்பிக் கழற்றுகிற அந்த இரும்பால் முதலில் முழங்காலில் அடித்தான், பிறகு விலாவில், கடைசியில் தலையில். சின்னான் ஆரம்பத்தில்தான் கத்தினான். அப்புறம் அப்புசாமிக்கு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. காளியப்பன் தன் உதட்டைத் தானே கடித்துக் கிழித்துக்கொண்டான்.

பிணத்தைக் கொண்டுபோய் ரோட்டில் கிடத்தி, அதன் மேல் பாரவண்டியை ஏற்றி, விபத்து என்று கதை கட்டினார்கள். விசாரிக்க வந்த மனுஷன் அப்புசாமி வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஆமாம் விபத்துதான் என்று போய்விட்டான். ஊர் வாயை மூடிக்கொண்டது. பிழைக்கத் தெரிந்த ஊர்.

அப்புசாமி யாரென்றால், சேலம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்ததும் குடிகாரர்களெல்லாம் கண்ணீர் விட்டார்களே, அப்போது சிரித்த ஒரே ஆள். காவிரிக்கு அக்கரையில் கோயமுத்தூர் ஜில்லா, அங்கே கடை திறந்தே கிடந்தது. சாராயம் டின் டின்னாகப் பரிசலில் பள்ளிபாளையம் கரைக்கு வரும். அங்கிருந்து திருச்செங்கோடு, ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலத்துக்கு அவனுடைய கார் கொண்டுபோகும். ராத்திரியில் ஓட்டமாட்டான். ராத்திரி என்றால் போலீஸ்காரன் முழித்திருப்பான். உச்சி வெயிலில், சோறு தின்று கண்ணசரும் நேரத்தில்தான் அவன் வண்டி பறக்கும்.

அந்தக் காரும் லேசுப்பட்டதல்ல. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரன் ஒருவன் பந்தயம் விடுவதற்காகச் சீமையிலிருந்து இறக்கிய வண்டி. மேலே கூரை கிடையாது, எட்டு சிலிண்டர், முன்பக்கம் மட்டும் ஒரு ஆள் நீளம். அவன் ஊருக்குக் கப்பலேறியபோது அப்புசாமி கைக்கு வந்தது. அதை ஓட்டினவன் சின்னான். அதன் வயிற்றைத் திறந்து மூடத் தெரிந்த ஒரே கை, சுத்துப்பட்டில் காளியப்பனுடையது.

நம் ஊர் ரோட்டுப் புழுதியைத் தின்று தின்று அந்த எஞ்சினின் சிலிண்டர்கள் தேய்ந்துபோயின. பிஸ்டன் ஏறி இறங்குகிற துளை அகலமாகிவிட்டால் எண்ணெய் புகையும், இழுவை போய்விடும். சிலிண்டரைக் குடைந்து உள்ளே புதிதாக இரும்புக் குழாய் செருக வேண்டும், அதற்குத்தான் சிலீவு என்று பேர். செருகாமல் ஓட்டாதீர்கள் என்று காளியப்பன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். வண்டி நின்றால் தொழில் நின்றுபோகும் என்று அப்புசாமி கேட்கவில்லை. கடைசியில் திருச்செங்கோட்டு மேட்டில் வண்டி புகை கக்கிக்கொண்டு திணற, பின்னால் போலீஸ் லாரி நெருங்க, சின்னான் சரக்கையெல்லாம் ஓடையில் தள்ளிவிட்டு வண்டியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்தான். சரக்கை எவனுக்கோ விற்றுவிட்டான் என்று அவன் மேல் பழி. அதற்குத்தான் அந்த அடி. குற்றம் யாருடையது, செத்தது யார் பாருங்கள்.

சின்னானின் பெண்டாட்டி மயிலம்மாள் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அரிவாளைத் தீட்ட உட்கார்ந்துவிட்டாள். காளியப்பன் போய்ப் பார்த்தபோது கையில் ரத்தம் வரத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“நானே போறனுங்க மாமா. அவன் ஊட்டு வாசல்லயே வெட்டிப்போட்டு வாரேன்” என்றாள்.

வாரேனாம். அவள் எங்கே திரும்பி வருவது? அப்புசாமி வீட்டு வாசலில் எப்போதும் தடியும் கையுமாக ஆட்கள். அரிவாளை ஓங்குவதற்குள் அவளைத் துண்டு துண்டாக்கிக் கிணற்றில் போட்டுவிடுவார்கள். அதையும் விபத்து என்பார்கள். தம்பியைக் கண்ணெதிரே பறிகொடுத்தவன், தம்பி பெண்டாட்டியையும் கொடுக்கவா? காளியப்பன் அரிவாளின் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டு, சித்திரை முடிவதற்குள் அப்புசாமியைத் தான் முடிப்பதாகச் சத்தியம் செய்தான். முடிக்காவிட்டால் தான் போவதை யாரும் தடுக்கக் கூடாது என்று அவளும் பதிலுக்குச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சத்தியம் செய்த வாரமே அப்புசாமி ஆளனுப்பினான். வண்டிக்குச் சிலீவு போட வேண்டுமாம். தம்பியைக் கொன்ற கையோடு அண்ணனிடம் வேலை கொடுக்கிற துணிச்சல் அவனுக்குத்தான் வரும். காளியப்பன் மறுபேச்சுப் பேசாமல் எஞ்சினை இறக்கினான்.

அப்புசாமி இரண்டு இடத்தில் சொல்லிவைத்திருந்ததால் எட்டெட்டாக இரண்டு செட்டு சிலீவு வந்து சேர்ந்தது. ஒன்று மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தது, சீமைச் சரக்கு. மெல்லிசு, கண்ணாடி மாதிரி பளபளப்பு, எண்ணெய்க் காகிதம் சுற்றிப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அது இதே அளவுள்ள வேறொரு சாதுவான எஞ்சினுக்குச் செய்தது. இந்த வண்டியின் சூட்டுக்கும் உதைக்கும் தாங்காது, முடுக்கி ஓட்டினால் உள்ளேயே நொறுங்கிப் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். இன்னொரு செட்டு கோயமுத்தூர் வார்ப்பட்டறையில் ஊற்றிக் கடைந்தது. கறுப்பு, தடிப்பு, பார்க்க உலக்கைப் பூண் மாதிரி இருக்கும். ஆனால் இரும்பு நல்ல இரும்பு. இந்த எஞ்சினுக்கு அதுதான் சரி.

காளியப்பனுக்கு வேண்டியது மெட்ராஸ் சிலீவு. ஓட்டத்தில் அது உடைந்தால் வண்டி குட்டிக்கரணம் போடும். சின்னான் போனபிறகு வண்டியை அப்புசாமியே ஓட்டினான், வேறு யாரையும் நம்பாமல். அதுவும் வசதி. ஆனால் மெட்ராஸ் சிலீவு நல்லது என்று இவன் வாயால் சொன்னால் அப்புசாமி அதைத் தொடுவானா? அதனால் உள்ளதை உள்ளபடியே சொல்லுவோம், சந்தேகப்பட்டு மாற்றி எடுப்பான் என்று கணக்குப் போட்டான். அப்புசாமி பட்டறைக்கு வந்து நின்று எதைப் போடுவது என்று கேட்டபோது, கோயமுத்தூரதுதானுங்க சரி என்றான்.

அப்புசாமி கறுப்புச் சிலீவைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். பிறகு மெட்ராஸிலிருந்து வந்த வெள்ளைச் சிலீவை எடுத்தான். இரண்டையும் கீழே வைத்தான்.

“உன்ற தம்பியக் கொன்னவன் நானு. நீ நல்லதச் சொன்னாலும் நம்பமாட்டேன், கெட்டதச் சொன்னாலும் நம்பமாட்டேன்” என்றான். “ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம், வா.”

பூக் கேட்பது நம் பக்கத்து வழக்கம். பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, எருது வாங்குவதா என்று மனசுக்குப் பிடிபடாத எதையும் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவோம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் கட்டி ஆத்தாள் காலடியில் போட்டு, எந்தப் பூ வந்தால் எது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வந்த பூவை மீறினவன் வம்சம் விளங்காது. கொலைகாரனாயிருந்தாலும் அப்புசாமி பூ மீறினதில்லை. காளியப்பனும் மீறினதில்லை.

எஞ்சின் சாமானுக்குப் பூக் கேட்டது அந்த ஜில்லாவிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அங்காளம்மன் சந்நிதியில் வெள்ளைச் சிலீவு ஒன்றும் கறுப்புச் சிலீவு ஒன்றும் குங்குமம் வைத்து நிறுத்தினார்கள். ஆண்டிப் பூசாரிக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. என் வண்டிக்கு ஏத்தது மெட்ராஸ் சிலீவு என்றால் வெள்ளையைக் கொடு, கோயமுத்தூர் சிலீவு என்றால் சிவப்பைக் கொடு என்று அப்புசாமி சாஷ்டாங்கமாக விழுந்து கேட்டான். காளியப்பன் தூணோரம் நின்று, ஆத்தா, வெள்ளையைக் கொடு, வெள்ளையைக் கொடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினான்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இந்தத் தெய்வம் கொன்றவனுக்கே நல்ல சாமான் பார்த்துக் கொடுத்தது. அப்புசாமி பட்டறைக்குத் திரும்பி வந்து, மெட்ராஸ் சிலீவுகளை ஒவ்வொன்றாகப் பட்டடைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினான். ஒரு சில்லு தெறித்துக் காளியப்பனின் கன்னத்தைக் கிழித்தது. மாற்றிப் போட்டுவிடாமல் இருக்கத்தான் என்று சிரித்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் காளியப்பன் மயிலம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னான். ஆத்தாளே அவன் பக்கம் நின்றுவிட்டாள், இனி நான் என்ன செய்வது, கறுப்புச் சிலீவைக் கெடுத்துப் போட்டால் பூ மீறின பாவம் வரும் என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். மூத்தார் என்ற மரியாதையெல்லாம் எங்கோ போய்விட்டது.

“எந்தச் சிலீவு ஏத்ததுன்னு அவன் கேட்டான். ஆத்தா பொய் சொல்லுவாளா? ஏத்ததத்தான் காட்டியிருக்கறா” என்றாள். “அவன் இருக்கோணுமா சாகோணுமான்னு ஆருங்க மாமா கேட்டது?”

காளியப்பன் எத்தனை தடவை யோசித்தாலும் அவள் சொன்னதில் ஓட்டையில்லை. வீட்டுக்குப் போய்ப் பழங்கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தான். தம்பி செத்தபிறகு நன்றாகத் தூங்கினது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து வேலை நடந்தது. ஆத்தாள் காட்டிய சிலீவு, ஆத்தாளுக்குச் செய்கிற வேலை மாதிரியே செய்தான். எட்டையும் குடைந்த துளையில் இம்மி பிசகாமல் இறக்கினான். புதுப் பிஸ்டன் போட்டு, எண்ணெய் பூசி மூடினான். தடியன் ஒருவன் பகல் முழுக்கப் பக்கத்திலேயே குந்தி வேவு பார்த்தான். அவன் பார்த்துச் சொல்ல ஒரு தப்பும் இல்லை. எஞ்சினை முடுக்கியபோது பட்டறைக் கீற்றெல்லாம் அதிர்ந்தது.

ஆனால் தொழில் தெரிந்த எவனுக்கும் ஒன்று தெரியும். புதுச் சிலீவும் புதுப் பிஸ்டனும் புதிதாகக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளையும் பெண்ணும் மாதிரி, ஒன்றோடொன்று இழைந்து பழக நாளாகும். அதுவரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். பழகாததை எடுத்த எடுப்பில் விரட்டினால் சூட்டில் பிஸ்டன் உப்பிச் சிலீவைக் கவ்விக்கொள்ளும். சிலீவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கவ்வும். சொல்லப்போனால் நல்லதாக இறுக்கமாகப் பொருந்தியிருந்தால்தான் இன்னும் மோசமாகக் கவ்வும்.

இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று காளியப்பனுக்குத் தெரிந்திருந்தது. வண்டி எடுக்க வந்த அப்புசாமியின் முகத்துக்கு நேராகவே சொன்னான். “பண்ணாடி, ஒரு மாசத்துக்கு மாட்டு வண்டியாட்டம் மெதுவா ஓட்டோணுமுங்க. வெரட்டுனா எஞ்சின் இறுகிப்போவுமுங்க” என்றான்.

அப்புசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மெதுவாப் போயி போலீஸ் மடியில உக்காரச் சொல்றயா என்று கேட்டான். தம்பி சாவுக்கு இப்படியா பழிவாங்கப் பார்க்கிறாய் என்றும் கேட்டான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் காளியப்பனின் பிடரியைப் பிடித்துக் காரின் முன்சீட்டில் தள்ளினான்.

“ஆத்தா குடுத்த சிலீவுடா இது. இதுல ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல சாவறது நீதான்” என்றான்.

இதையும் காளியப்பன் எதிர்பார்த்தேதான் இருந்தான். தான் பிழைத்தால் பிழைக்கட்டும், போனால் போகட்டும், அவன் மட்டும் வீடு திரும்பக் கூடாது. நல்ல சட்டை போட்டு, நெற்றியில் ஆத்தாள் திருநீறு பூசிக்கொண்டுதான் அன்று பட்டறைக்கே வந்திருந்தான்.

வெறும் வண்டியை மெதுவாகவே ஓட்டிப்போய், பள்ளிபாளையத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது சூரியன் நடுமண்டையில் நின்றது. பின்னால் டின்கள் அடுக்கடுக்காக நின்றன. அப்புசாமி முதலில் கொஞ்சம் நிதானமாகத்தான் போனான், அவனுக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கும் போல. எஞ்சின் அப்பழுக்கில்லாமல் ஓடியது. திருச்செங்கோட்டு மேட்டை ஒரே மூச்சில் ஏறியதும் அவன் பயமெல்லாம் போய்விட்டது. பார்த்தாயா, பார்த்தாயா என்று காளியப்பனின் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்தான். இந்த மேட்டில்தான் உன் தம்பி என்னை ஏமாற்றினான் என்றான். காளியப்பன் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடு கடந்து நேர்ரோடு வந்ததும் அப்புசாமி காலை முழுக்க அமுக்கினான். புளியமரங்கள் பின்னால் ஓடின. எதிரே வந்த பாரவண்டிக்காரன் எருதுகளைப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டினான். எஞ்சினிலிருந்து சூடான எண்ணெய் வாடை வர ஆரம்பித்தது. காளியப்பனுக்கு அந்த வாடை புரிந்தது, அப்புசாமிக்குப் புரியவில்லை. இழுவை லேசாகக் குறைந்தது. நன்றாக ஓட்டத் தெரிந்தவனாயிருந்தால் அந்த இடத்தில் காலை எடுத்திருப்பான், சின்னானாயிருந்தால் கட்டாயம் எடுத்திருப்பான். இந்த முரடன் இன்னும் அமுக்கினான்.

வீல் என்று ஒரு சத்தம். எட்டில் ஏதோ ஒன்று கவ்வியது. எஞ்சின் அப்படியே நின்றுபோக, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பியது. ஒரு புளியமரத்தில் பின்பக்கம் மோதி, மேலே கிளம்பி, உழுதுபோட்ட காட்டுக்குள் கவிழ்ந்து விழுந்தது. காளியப்பன் வாரி எறிந்த மாதிரி தூரப் போய் மண்ணில் விழுந்தான். தோள்பட்டை முறிகிற சத்தம் அவன் காதுக்கே கேட்டது. வாய் முழுக்க ரத்தமும் மண்ணும்.

செத்திருப்பான் என்று ஊர்ந்துபோய்ப் பார்த்தால், பாவி சாகவில்லை. வண்டி தலைகீழாகக் கிடந்தது. அதன் பக்கவாட்டு அப்புசாமியின் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. கால்கள் உள்ளே, தலையும் ஒரு கையும் வெளியே. உடைந்த டின்களிலிருந்து சாராயம் ஓடி அவன் தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வாயோரம் ரத்தம் நுரைத்தது. தூக்கிவிட்டால் பிழைக்கக்கூடியவன்தான். காளியப்பன் பழக்க தோஷத்தில் முறியாத கையை உள்ளே நீட்டி, பாட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டான். இனித் தீப்பொறி வர வழியில்லை.

“ஆத்தா பூக் குடுத்தாளேடா” என்றான் அப்புசாமி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

சிலீவு நல்ல சிலீவுதானுங்க, மெதுவா ஓட்டத்தானுங்களே சொன்னேன் என்று காளியப்பன் பதில் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே அழுகை வந்துவிட்டது. தம்பிக்காக அன்றுவரை வராத அழுகை.

அதற்குள் பக்கத்துக் கிணற்றில் கமலை ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் ராகி வயலில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். எட்டுப் பத்துப் பேர். கமலை ஓட்டிய அங்கமுத்து என்பவர் நல்ல ஆகிருதி, சுறுசுறுப்பான மனுஷன். வரும்போதே கடப்பாரையும் நுகத்தடியும் கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் ஒரு தம்மில் புரட்டிவிடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அப்புசாமியின் கண்ணில் உயிர் வந்தது.

ஆனால் நம் ஜனங்களுக்குக் கார் என்றால் அன்றைக்கு ஒரு பயம். அங்கமுத்து கடப்பாரையை வண்டிக்கடியில் கொடுக்கப் போனவர், ஒரு நிமிஷம் நின்று காளியப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க வண்டிக்கார ஆளாட்டம் இருக்கறீங்க. தூக்கலாமுங்களா?” என்று கேட்டார்.

காளியப்பன் அப்புசாமியைப் பார்த்தான். தோளைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்து நின்றான்.

“தொடாதீங்க சாமி” என்றான். “பெட்ரோலும் சாராயமும் எஞ்சின் மேல ஊத்திக் கெடக்குது. அசைச்சீங்கன்னா குப்புன்னு புடிச்சு அத்தன பேரும் கரிக்கட்டையாப் போயிருவீங்க. எட்டப் போயிருங்க.”

ஜனங்கள் பின்வாங்கினார்கள். அங்கமுத்து கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, பெண்களையெல்லாம் வரப்புக்கு அந்தப் பக்கம் விரட்டினார். வண்டிக்கடியில் கிடந்தவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். ஒயர் பிடுங்கியதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். வெளியே கிடந்த கை மண்ணைப் பிறாண்டியது.

“காளியப்பா... சொல்லுடா... அவனுங்ககிட்டச் சொல்லுடா...”

“சொல்லிப்போட்டனுங்க பண்ணாடி” என்றான் காளியப்பன்.

அப்புசாமி சாக வெகுநேரம் பிடித்தது. அதுவரை யாரும் கிட்டே போகவில்லை. வரப்பில் நின்ற ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து காளியப்பனின் முகத்து ரத்தத்தைக் கழுவிவிட்டாள். நீ இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கு எங்கள் குடியெல்லாம் வெந்திருக்கும், உனக்குக் கோடிப் புண்ணியம் என்றாள்.